மரத்துக்குச் சான்று, கைக்குக் கூலி எங்கே?

ஜீவனஹள்ளியில் சிறு கடை வைத்திருப்பவர் ஒருவர் வெளிநாட்டுக் கைவினைப் பொருள்களை இறக்குமதி செய்வதாகக் கொள்வோம். பிளாஸ்டிக் உறை இல்லை; சாயம் இயற்கையானது; மரம் சான்று பெற்றது. நல்ல நோக்கம்தான். ஆனால் பொருளில் ஒட்டிய சீட்டில் ஒன்று மட்டும் அச்சாவதில்லை: அதைச் செய்த கைக்குக் கிடைத்த கூலி.

கடல் கடக்க வேண்டியதில்லை. பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் சென்னபட்டணா இருக்கிறது. மரத்தைக் கடைந்து அரக்கு வண்ணம் ஏற்றும் அதன் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு உண்டு. குறியீடு பெயரைக் காக்கும். கடைசல் தொழிலாளியின் உலையைக் கொதிக்க வைக்காது.

1952இல் உருவான அகில இந்தியக் கைவினைப் பொருள்கள் வாரியத்தை மோடி அரசு 2020 ஆகஸ்டில் கலைத்தது. உள்ளூர்ப் பொருளுக்குக் குரல் கொடுங்கள் எனப் பிரதமர் முழங்கிய அதே ஆண்டில், கைவினைஞர் குரல் ஒலிக்க இருந்த மேடை பறிக்கப்பட்டது!

சிறு வணிகர் நம் பகைவர் அல்லர்; வரிக்கும் வட்டிக்கும் பெருநிறுவனப் போட்டிக்கும் இடையே நசுங்குபவர் அவர். ஆயினும், நியாயத்தை வாங்குவோரின் மனச்சான்றிடம் ஒப்படைத்துவிட்டு அரசு நழுவ முடியாது. குறைந்தபட்சக் கூலி, ஓய்வூதியம், கூட்டுறவுக் கொள்முதல், வாரியத்தின் மீட்பு ஆகியவற்றைச் சட்டத்தின் வழி உறுதிசெய்ய வேண்டும். மரத்துக்கு இரங்கும் சந்தை, அம்மரத்தைக் கடையும் மனிதருக்கும் கணக்குச் சொல்லட்டும்.