காப்பெற்றைத் தூக்கிப் பாருங்கோ

யாழ்ப்பாணத்தில பழைய மொரிஸ் மைனரைத் திருத்துற கனபேர் வெளிப்பெயின்ருக்குத்தான் காசைக் கொட்டுகினம். என்னைக் கேட்டால், முதல் காசு காப்பெற்றுக்குக் கீழ இருக்கிற தகரத்துக்குப் போகவேணும். 1948இல் அறிமுகமான அந்தக் காருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. அடித்தகரமும் கதவுகளுக்குக் கீழுள்ள பெட்டிப்பகுதியும் சேர்ந்துதான் காரைத் தாங்குது. மழைத்தண்ணி காப்பெற்றில ஊறி நிண்டால் அங்க கறள் பிடிக்கும். அதுக்கு மேல தாரைப் பூசினால் கறள் உள்ளுக்க தின்னுகொண்டே இருக்கும். தகரம் வெளிக்கும்வரை சுரண்டி, எபொக்சி பிரைமர் அடிச்சு, பொருத்துகளுக்குச் சீலர் வைச்சு, பிறகு பெயின்ற் அடியுங்கோ. தண்ணி வடியிற துளைகளை மட்டும் அடைச்சுப்போடாதேங்கோ. வெளிப்பெயின்ற் மங்கினால் திரும்ப அடிக்கலாம்; அடித்தகரம் உக்கினால் வெட்டித்தான் ஒட்டவேணும்.