பேனா மழுங்கி விட்டதா?

"பழைய மாதிரி இல்லை. இப்போது படித்தால் சிரிப்பே வரவில்லை" என்கிறார் ஒருவர்.

"அவர் அப்படியேதான் எழுதுகிறார். உனக்குத்தான் வயதாகி விட்டது" என்கிறார் இன்னொருவர்.

நகைச்சுவை எழுத்தாளர் ஒருவர் பல ஆண்டுகள் விடாமல் எழுதினால், வீட்டுக்கு வீடு இந்தச் சண்டை வரும். காசு கொடுத்துப் பத்திரிகை வாங்குகிறவருக்கு இப்படிச் சொல்ல உரிமை உண்டு. ஆனால் தீர்ப்புச் சொல்லும் முன், அமெரிக்க எழுத்தாளர் ஆர்ட் புக்வால்டின் கதையைக் கேளுங்கள்.

1949-ல் அவர் பாரீஸ் நகரில் இருந்து எழுதத் தொடங்கினார். 1957-ல் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் அங்கே ஒரு மாநாட்டுக்குப் போனார். ஜனாதிபதியின் அன்றாடக் காரியங்களை எல்லாம் அவருடைய செயலாளர் நிருபர்களிடம் விலாவாரியாகச் சொன்னார். புக்வால்டு சும்மா இருப்பாரா? நடக்காத ஒரு நிருபர் கூட்டத்தை நடந்தது போல எழுதி விட்டார். செயலாளர் கொதித்தார். ஊர் சிரித்தது.

1962-ல் அவர் வாஷிங்டன் திரும்பினார். 500-க்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் அவர் எழுத்து வந்தது. 1982-ல் புலிட்சர் பரிசும் கிடைத்தது.

பிறகுதான் முணுமுணுப்பு. "பழைய காரம் இல்லை" என்று சொன்னவர்கள் உண்டு. அவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. இல்லாத ஓர் அதிகாரியைப் படைத்து, அவரோடு பேசுவது போல எழுதுவது புக்வால்டின் பாணி. முதல் தடவை அது அதிசயம். நூறாவது தடவை, அதிகாரி வாயைத் திறக்கும் முன்பே வாசகருக்கு விஷயம் தெரிந்து விடும். (எழுதுவதை நிறுத்தினாலும் மனக்குறைதான். டேவ் பாரி என்ற அமெரிக்கர் 2005-ல் தமது வாரப் பகுதியை நிறுத்தினார். ரசிகர்கள் "ஏன் நிறுத்தினீர்கள்?" என்று வருந்தினார்கள்!)

புக்வால்டு நிறுத்தவில்லை. 2000-ல் பக்கவாதம் வந்தது. அதற்குப் பிறகும் எழுதினார். 2006-ல் ஒரு காலை எடுத்தார்கள். சிறுநீரகமும் கெட்டது. எந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்து கொண்டால் பிழைக்கலாம் என்றார்கள். "வேண்டாம்" என்று சொல்லி விட்டு, சாகும் நிலையில் உள்ளவர்களைக் கவனிக்கும் இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

சில வாரம்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். நண்பர்கள் வந்து விடை பெற்றுப் போனார்கள். ஆனால் சாவு வரவில்லை! சிறுநீரகம் தானாகவே மறுபடி வேலை செய்தது.

வழியனுப்ப எல்லோரும் வந்த பிறகும் வண்டி வராமல் காத்திருப்பவர் நிலை அவருக்கு. அதையே எழுதினார். இப்போது அதிகாரியும் இல்லை, கற்பனையும் இல்லை. பேச்செல்லாம் அவருடைய சொந்தச் சாவைப் பற்றித்தான். வாசகர் கண்ணைத் துடைத்துக் கொண்டே சிரித்தார். இத்தனை நாள் சலித்துப் போயிருந்தது அரசியல் சரக்குதான். பேனா அல்ல என்பதே நமது எண்ணம்.

ஜூலை மாதம் அந்த இல்லத்தை விட்டு வெளியே வந்தார். அந்த அனுபவத்தை ஒரு புத்தகமாகவே எழுதி, அதே ஆண்டில் வெளியிட்டார். 2007 ஜனவரி 17-ந் தேதி, 81-வது வயதில் காலமானார்.

மறுநாள் ஒரு பெரிய நியூயார்க் பத்திரிகை, அவர் முன்பே பேசி வைத்திருந்த படத்தை வெளியிட்டது. அதில் புக்வால்டு தம் பெயரைச் சொல்லி, தாம் இப்போதுதான் செத்துப் போனதாக அவரே அறிவித்தார்.