உண்மை சொன்ன வீட்டுக்குத் தகரமா?

2020-ஆம் வருஷம் கொரோனாக் காய்ச்சல் பரவிய நாட்களில் எங்கள் வீதியில் நடந்த ஒரு சம்பவத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. எதிர் வீட்டுக்காரர் தமக்குக் காய்ச்சல் கண்டவுடன், ஒளிக்காமல், தாமாகவே சென்று பரிசோதனை செய்துகொண்டார். இரண்டொரு நாளில் அவர் வீட்டு வாயிலில் தகரம் அடிக்கப்பட்டது. பால்காரர் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அண்டை வீட்டார் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். ஒரு வாரம் கழித்து அதற்கும் அடுத்த வீட்டிலிருந்து ஓயாத இருமல் சத்தம் கேட்டது. மாடியில் நின்றபடியே விசாரித்தேன். "தூசிதான், ஸார்! வேறொன்றுமில்லை" என்று பதில் வந்தது. அந்த வீட்டில் நால்வருக்கும் காய்ச்சல் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உண்மை சொன்ன வீட்டின் கதியைக் கண்ணாரக் கண்டவர்கள் அன்றோ?

இது ஏதோ ஒரு வீதியின் கதை என்று நேயர்கள் எண்ண வேண்டாம். உலகத்து ராஜ்யங்களின் கதையும் ஏறக்குறைய இதுவேதான்.

தொத்து நோய்களைத் தடுக்கும் பொருட்டுப் பல தேசங்கள் முதன்முதலில் ஒன்றுகூடியது 1851-ஆம் வருஷம், பாரிஸ் நகரத்தில். பன்னிரண்டு ராஜ்யங்கள் ஒவ்வொன்றும் ஒரு வைத்தியரையும் ஒரு ராஜதந்திரியையும் அனுப்பிவைத்தன. ஏறக்குறைய ஆறு மாதம் விவாதம் நடந்தது. காலரா என்னும் வாந்திபேதி ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுமா, தொற்றாதா என்பதிலேயே வைத்தியர்களுக்குள் ஒற்றுமையில்லை. ராஜதந்திரிகளின் கவலையோ வேறு. கப்பல்களை நாட்கணக்கில் துறைமுகத்துக்கு வெளியே நிறுத்திவைத்தால் வியாபாரம் என்ன ஆவது? ஒப்பந்தம் எழுதினார்கள், ஆனால் பெரும்பாலான ராஜ்யங்கள் அதை ஏற்கவில்லை. 1884-இல் ஜெர்மானிய விஞ்ஞானி ராபர்ட் காக், கல்கத்தாவில் ஆராய்ச்சி செய்து, காலராவுக்குக் காரணமான கிருமி இன்னதென்று உறுதிப்படுத்தினார். அதன் பின்னர், 1892-இல் வெனிஸ் நகரத்தில்தான் முதல் உடன்படிக்கை நிலைபெற்றது. அதுவும் சூயெஸ் கால்வாய் வழியாக வரும் கப்பல்களைப் பற்றியது மாத்திரமே. ஓர் உடன்படிக்கைக்கு நாற்பத்தொரு வருஷங்கள்!

அந்த மகாநாடுகளிலெல்லாம் காலராவின் பிறப்பிடம் என்று நம் தேசத்தின் பெயர் ஓயாமல் அடிபட்டது. ஆனால் நம் ஜனங்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய பிரதிநிதி ஒருவரும் அங்கு இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர்கள் நாம்; நமக்காகப் பேசியவர்கள் பிரிட்டிஷார். அடிமைத்தனத்தின் பல முகங்களில் இதுவும் ஒன்று.

காலம் மாறிற்று. 1948 ஏப்ரல் 7-ஆம் தேதி உலக சுகாதார ஸ்தாபனம் உதயமாயிற்று. 1961-இல் அதன் பதினான்காவது பேரவை புது டில்லியிலேயே கூடியபோது தலைமை வகித்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் டாக்டர் லக்ஷ்மணசுவாமி முதலியார். இந்த ஸ்தாபனத்தின் பெரும் வெற்றி பெரியம்மையை ஒழித்தது. ஒழிக்க வேண்டுமென்று 1958-இல் யோசனை கூறியது சோவியத் ருஷ்யா. 1967 முதல் பத்து வருஷம் அம்முயற்சியை முன்னின்று நடத்தியவர் ஓர் அமெரிக்க வைத்தியர். இரண்டு வல்லரசுகளும் அணுகுண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த அதே காலத்தில், ஒன்று கொடுத்த அம்மைப்பாலை மற்றொன்றின் மனிதர் உலகமெங்கும் குத்தச் செய்தார். 1980-இல் பெரியம்மை பூமியிலிருந்து ஒழிந்ததென்று பிரகடனம் வெளிவந்தது.

அப்படியானால் இன்றைக்கு என்ன குறை? 2003-இல் ஸார்ஸ் என்னும் நோயைச் சீனா தொடக்கத்தில் மறைத்ததன் பலனை உலகம் அனுபவித்தது. அதனால் 2005-இல் புதிய விதிகள் வகுத்தார்கள். பிற தேசங்களுக்கும் அபாயமாகக்கூடிய நோய் என்று மதிப்பிட்டால், இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். அறிவித்த தேசத்தின் போக்குவரத்தை மற்றவர்கள் அளவுக்கு மிஞ்சித் தடுக்கக் கூடாது. இரண்டும் நல்ல விதிகள். ஆனால் 2021 நவம்பரில் நடந்தது என்ன? தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள் கொரோனாவின் ஒரு புதிய உருவத்தைக் கண்டுபிடித்து, ஒரு நாளும் மறைத்துவைக்காமல் உலகுக்குச் சொன்னார்கள். ஓமிக்ரான் என்று அதற்குப் பெயரிட்ட அதே நாளில் பல தேசங்கள் தென்னாப்பிரிக்க விமானங்களை நிறுத்தத் தொடங்கிவிட்டன. வாயிலில் தகரம் அடித்தாயிற்று!

மற்றொரு குறையும் உண்டு. 2007-இல் இந்தோனேசியா தன் நாட்டுப் பறவைக் காய்ச்சலின் கிருமியை அனுப்ப மறுத்தது. கிருமியை நாங்கள் கொடுக்கிறோம். அதைக்கொண்டு செல்வ தேசங்கள் தடுப்பு மருந்து செய்கின்றன. அதை வாங்க எங்களுக்குச் சக்தியில்லை என்பது அதன் வாதம். மறுத்தது ஆபத்தான செய்கை என்பதில் ஐயமில்லை. ஆனால் வாதத்தில் நியாயம் இல்லையென்று யார் சொல்ல முடியும்?

இந்த இரண்டாவது குறையைத் தீர்க்கவே 2025 மே மாதத்தில் ஜினீவாவில் ஓர் ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. கிருமியைப் பற்றிய விவரங்களைப் பெறும் மருந்துக் கம்பெனிகள், பெருந்தொற்றுக் காலத்தில் தங்கள் உற்பத்தியில் நூற்றுக்கு இருபது பங்கை உலக சுகாதார ஸ்தாபனத்துக்கு ஒதுக்க முயல வேண்டும். அதில் பாதியேனும் நன்கொடையாக. ஆனால் இதை நடத்தும் முறையைப் பின்னர் ஓர் அனுபந்தமாக எழுதுவதென்று ஒத்திவைத்தே ஒப்பந்தத்தை ஏற்றார்கள். அதே வருஷம் ஜனவரியில் அமெரிக்கா ஸ்தாபனத்திலிருந்தே விலகுவதாக அறிவித்துவிட்டது.

"இதனாலெல்லாம் நம் சுயராஜ்யத்துக்குப் பங்கம் வராதா?" என்று சிலர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். வீட்டடங்கு விதிக்கவோ தடுப்பூசியைக் கட்டாயமாக்கவோ அந்த ஸ்தாபனத்துக்கு அதிகாரமில்லையென்று ஒப்பந்தமே தெளிவாகச் சொல்லுகிறது. என் பயம் நேர்மாறானது. வாக்குத் தவறிய வல்லரசைக் கேட்கவும் அதற்கு அதிகாரமில்லை. பலவீனமான தேசத்துக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு எல்லோருக்கும் பொதுவான விதி. அது காகிதத்தில் மாத்திரம் இருந்தால் நஷ்டம் எளியவனுக்கே.

விதிகளை ஜினீவாவில் எழுதலாம். அவற்றுக்கு உயிர் கொடுக்கும் மனோபாவம் நம் வீதியில்தான் பிறக்க வேண்டும். அடுத்த முறை ஒரு வீட்டார் துணிந்து, "எங்களுக்குக் காய்ச்சல்" என்று சொன்னால், நாம் அவர்கள் வாயிலுக்கு என்ன அனுப்பப்போகிறோம்? தகரத்தையா, கஞ்சியையா?