உட்கார்ந்து சுட்டால் ஈஸியா? பாரா துப்பாக்கி சுடுதலில் 'எஸ்.ஹெச்.1' என்றால் என்ன?

2024 ஆகஸ்ட் 30. பாரிஸ் பாராலிம்பிக்கில் பெண்கள் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் ஃபைனல். பாக்கி இருந்தது ஒரே ஒரு ஷாட். தென் கொரியாவின் லீ யுன்ரி 0.8 புள்ளி முன்னிலையில் இருந்தார். கடைசி ஷாட்டில் இந்தியாவின் அவனி லெகரா எடுத்தது 10.5, லீ எடுத்தது 6.8. அவ்வளவுதான், தங்கம் கைமாறியது. அவனியின் மொத்த ஸ்கோர் 249.7, பாராலிம்பிக் சாதனை.

இந்த ஃபைனலைப் பார்த்த பலருக்கும் ஒரு சந்தேகம் வந்திருக்கும். போட்டியின் பெயரில் 'ஸ்டாண்டிங்' என்று இருக்கு. ஆனா அவனி வீல்சேரில் உட்கார்ந்து சுடுறாங்க. அப்போ இது கொஞ்சம் ஈஸிதானே?

டார்கெட்டில் சலுகை உண்டா?

இல்லை. ஒலிம்பிக்கில் இருக்கும் அதே 10 மீட்டர், அதே டார்கெட். நடுவில் இருக்கும் 10 புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் 0.5 மில்லிமீட்டர். சுடும் பெல்லட்டோ 4.5 மில்லிமீட்டர். அதாவது, அடிக்க வேண்டிய புள்ளி குண்டைவிடச் சின்னது!

பிறகு ஏன் உட்காரலாம்?

இங்கே 'ஸ்டாண்டிங்' என்பதற்கு அர்த்தம், துப்பாக்கியைப் பிடித்த கைகளுக்கு எந்தத் தாங்கலும் கிடையாது என்பதுதான். முழங்கையை மேஜையில் ஊன்றக் கூடாது. 'ப்ரோன்' பிரிவில் அதற்கு அனுமதி உண்டு. முதுகுத்தண்டு காயம்பட்டவருக்கு இடுப்பும் வயிறும் முழுசா ஒத்துழைக்காது. அந்த உடம்பை ஆடாமல் வைத்துக்கொள்வதே பெரிய வேலை. அதனால்தான், உடற்பகுதியின் வலுவைப் பரிசோதித்து, நாற்காலிக்கு முதுகுச் சாய்வு தேவையா, எவ்வளவு உயரம் என்பதுவரை முடிவு செய்கிறார்கள்.

எஸ்.ஹெச்.1, எஸ்.ஹெச்.2: என்ன வித்தியாசம்?

சிம்பிளா சொன்னா, கேட்கப்படுவது ஒரே கேள்விதான்: துப்பாக்கியின் எடையை உங்களால் தாங்க முடியுமா?

முடியும் என்றால் எஸ்.ஹெச்.1. ரைஃபிள், பிஸ்டல் இரண்டும் இதில் உண்டு. கை பாதிப்பால் ரைஃபிளைத் தாங்க முடியாதவர்களுக்கு எஸ்.ஹெச்.2. இவர்கள் ஸ்பிரிங் பொருத்திய ஸ்டாண்டில் ரைஃபிளை வைத்துச் சுடுவார்கள். தேவைப்பட்டால் குண்டு நிரப்ப உதவியாளரும் உண்டு. குறி பார்ப்பதும் ட்ரிகரை இயக்குவதும் வீரரின் வேலை. கர்நாடகாவின் ஸ்ரீஹர்ஷா தேவரட்டி பாரிஸில் களமிறங்கியது இந்தப் பிரிவில்தான்.

வேறு வேறு பாதிப்பு, ஒரே போட்டி... நியாயமா?

அவனிக்குச் சிறு வயதில் கார் விபத்தில் முதுகுத்தண்டு பாதிப்பு. அதே ஃபைனலில் வெண்கலம் வென்ற மோனா அகர்வாலுக்குக் குழந்தைப் பருவத்திலேயே போலியோ. பாதிப்பு வேறு, ஆனால் துப்பாக்கியை வைத்து இருவராலும் செய்ய முடிவது ஒன்றுதான். அதனால் ஒரே பிரிவு. டோக்கியோவில் பிஸ்டலில் தங்கம், பாரிஸில் வெள்ளி வென்ற மணீஷ் நர்வாலுக்கு வலது கையில் பாதிப்பு. அவர் இடது கையால், நின்றபடியே சுடுகிறார். அவரும் எஸ்.ஹெச்.1தான்!

ஆக, 'உங்களுக்கு என்ன ஆச்சு?' என்று இந்த விளையாட்டு கேட்பதில்லை. 'உங்களால் என்ன முடியும்?' என்றுதான் கேட்கிறது.

பார்வையற்றவர்கள்?

அவர்களும் சுடுகிறார்கள். குறி மையத்தை நெருங்க நெருங்க ஹெட்ஃபோனில் சத்தத்தின் சுருதி மாறும். காதை வைத்தே குறி பார்க்க வேண்டும். ஆனால் இந்தப் பிரிவு பாரிஸ் பாராலிம்பிக்கில் இடம்பெறவில்லை.

இதை ஏன் தெரிஞ்சுக்கணும்?

துப்பாக்கி சுடுதலில் இந்தியாவுக்கு டோக்கியோவில் 5 பதக்கங்கள், பாரிஸில் 4. ஆனாலும் ஒவ்வொரு முறையும் நாங்கள் உட்பட மீடியா முதலில் எழுதுவது விபத்தையும் கண்ணீரையும்தான். படிப்பவருக்கு பரிதாபம் மிஞ்சுகிறது, ஆட்டம் புரிவதில்லை. ஆட்டம் புரியாத வரைக்கும் 'அவங்களுக்கு ஈஸியா வச்சிருப்பாங்க' என்ற நினைப்பும் போகாது. வீல்சேர் நுழையும் ஷூட்டிங் ரேஞ்ச் வேண்டும், ஸ்டாண்ட் வேண்டும் என்று கேட்கும்போது, அது விளையாட்டின் தேவையாகத் தெரியாது, சலுகையாகத்தான் தெரியும்.

அடுத்த முறை ஒரு பாரா ஃபைனலைப் பார்த்தால் நாற்காலியைப் பார்க்காதீங்க. ஸ்கோர்போர்டில் புள்ளிக்குப் பிறகு வரும் அந்த ஒற்றை எண்ணைப் பாருங்க. 0.8 முன்னிலை ஒரே ஷாட்டில் எப்படிக் கரைந்தது என்று அதுதான் சொல்லும்.