பனி பெய்த முற்றம்

மார்கழிப் பனிக்கே தலையிற் சால்வை சுற்றிக்கொள்ளும் நமக்கு, வானத்திலிருந்து பஞ்சுபோல் இறங்கும் வெண்பனி படத்திலே காணும் காட்சியாகவே இருந்து வருகிறது. அத்தகைய படமொன்றை ஒருநாள் எம் உயர்தர வகுப்பு மாணவர்க்குக் காட்டினோம். யப்பானின் தலைநகராகிய டோக்கியோவில் உள்ள மெய்ஜி ஆலயத்தின் முற்றம் அது. வெண்பனி அடர்ந்து விழுகின்றது. மரக்கிளைகள் பனியைச் சுமந்து நிற்கின்றன. நீண்ட அங்கி தரித்த ஷின்டோ குருமார் குடை பிடித்துச் செல்கின்றனர். அவர்தம் காலடி ஓசையும் கேளாத அமைதி. மாணவர் சற்று நேரம் பேசாதிருந்தனர்.

பின்னர், அதே மனிதர் எடுத்த வேறொரு படத்தைக் காட்டினோம். 1951 ஆம் ஆண்டு இந்தியாவின் பீகார் மாநிலத்திலே பஞ்சம் தலைவிரித்தாடியபோது எடுத்தது. குழந்தையோடு நிற்கும் தாயொருத்தி கையை நீட்டி இரக்கிறாள். அவள் முகத்தை ஒருமுறை கண்டவர் எளிதில் மறக்கமாட்டார்.

அப்பொழுது ஒரு மாணவன் எழுந்தான். “ஐயா, பசியால் மக்கள் சாவதைக் கண்ணாற் கண்டவருக்கு, ஓராண்டு கழியுமுன் பனியையும் குடையையும் படமெடுக்க எவ்வாறு மனம் வந்தது? கண்டதை மறந்துவிட்டாரா?” என்று வினவினான். கலைஞனுக்கு எல்லாம் ஒன்றே என ஏதோ கூறிச் சமாளித்தோம். மணியும் அடித்தது. ஆயினும், அவ்விடை எமக்கே நிறைவு தரவில்லை. வீடு சேர்ந்த பின்னரும் அக்கேள்வி எம்மை விட்டகலவில்லை.

அப்படப்பிடிப்பாளரின் பெயர் வேர்னர் பிஷொப். 1916 இல் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரிலே பிறந்தவர். இளமையில் அவர் நாடியது அழகு ஒன்றையே. தமது படப்பிடிப்புக் கூடத்தில் இருந்தவாறே, சங்கின் வளைவையும் இலையின் நரம்பையும், அவற்றின்மேல் விளையாடும் ஒளியையும் படமாக்கினார். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அழிந்து கிடந்த ஐரோப்பிய நகரங்களுக்குச் சென்றார்; அங்கே வீடிழந்தோரையும் அநாதைக் குழந்தைகளையும் கண்டார். அதன்பின் கூடத்துக் கதவை மூடிக்கொண்டு சங்குகளோடு வாழ அவரால் முடியவில்லை. 1949 இல் ‘மக்னம்’ என்னும் படப்பிடிப்பாளர் கூட்டுறவிலே சேர்ந்தார். பீகார்ப் பஞ்சப் படங்கள் அமெரிக்க ‘லைஃப்’ சஞ்சிகையில் வெளிவந்தபோது, அவர் பெயர் உலகெங்கும் பரவிற்று.

பீகாரிலிருந்து அவர் யப்பானுக்குச் சென்றார். கொரியப் போர்க்களத்தையும் அக்காலத்திலேயே கண்டார். துயரத்தையும் பரபரப்பான செய்தியாக்கி விற்கும் சஞ்சிகைகளின் போக்கு அவர் உள்ளத்தை வருத்தியது. யப்பானிலே அவர் தேடியது வேறொன்று. ஆறுதலாக, நெடுநேரம் நின்று ஒரு மக்களின் வாழ்வைப் பார்க்க விரும்பினார்.

டோக்கியோவின் குளிர்காலம் பெரும்பாலும் வரண்டது, வெயில் எறிப்பது. வடமேற்குக் காற்றுக் கொண்டுவரும் பனி, மலைகளுக்கு அப்பால், யப்பான் கடற்புறத்திலேயே கொட்டிவிடும். தென்கரை ஓரமாகத் தாழமுக்கம் நகரும் சில நாட்களிலேயே டோக்கியோவிற் பனி பெய்யும். அது நீர் செறிந்த ஈரப்பனி. உடையை நனைத்து, விரலை விறைக்கச் செய்து, நிலத்திலே விரைவிற் சேறாகிவிடும்.

இத்தகைய நாளிலே கமராவைக் கையாளுதல் இலகுவன்று. கமராவில் விழும் பனித்துளி உருகி நீராகும். குளிரிலிருந்து சூடான அறைக்குள் நுழைந்தால் வில்லையின்மேல் ஈரம் படிந்து பார்வையை மறைக்கும். ஆதலால், கமராவைப் பைக்குள் வைத்து மெல்ல மெல்லவே சூடேற விடல் வேண்டும். ஒளிமானியும் ஏமாற்றும். பனியின் வெண்மையை அது மிகுந்த ஒளி என்று கொள்வதால், அது சொன்னபடியே எடுத்தால் வெண்பனி சாம்பல் நிறமாகிவிடும். வெண்மை வெண்மையாகவே தோன்றச் சற்றுக் கூடுதலான ஒளியைப் பிலிமில் விழச் செய்தல் வேண்டும். எடுத்தது சரியோ பிழையோ என்பது பிலிமைக் கழுவிய பின்னரே தெரியவரும். மாணவர் கண்ட அந்த அமைதி இவ்வளவு கவனத்தின் விளைவு.

இனி, அந்த முற்றத்தின் கதையைக் கூறுவோம். மெய்ஜி மன்னருக்கும் அவர்தம் அரசிக்கும் நினைவாக 1920 இல் எழுந்தது அவ்வாலயம். நாடெங்கிலுமிருந்து மக்கள் அளித்த ஏறத்தாழ 1 இலட்சம் மரங்களை நட்டு, அதனைச் சுற்றி ஒரு காட்டையே ஆக்கினார்கள். 1945 இல் டோக்கியோ நகர்மீது நெருப்புக் குண்டுகள் பொழிந்தன. மார்ச் மாதத்து ஓரிரவில் மட்டும் ஏறத்தாழ 1 இலட்சம் மக்கள் மாண்டனர். ஏப்ரல் மாதத்தில் ஆலயத்தின் முதன்மைக் கட்டடங்கள் எரிந்து சாம்பராயின. அவற்றை மீண்டும் கட்டி முடித்தது 1958 இலேயே. ஆகவே, பிஷொப் அம்முற்றத்திலே கமராவோடு நின்றபோது, எரிந்த ஆலயம் இன்னும் எழவில்லை. தீயைக் கண்ட இடத்திலேதான் அக்குருமார் குடை பிடித்து, தம் அன்றாடக் கடமைக்குச் சென்றுகொண்டிருந்தனர்.

அவர் துன்பத்தை மறந்தவருமல்லர். அதே யப்பானிலே, 1951 இல், ஹிரோஷிமாவுக்கும் சென்று, அணுக்குண்டால் வெந்து தழும்பேறிய ஒருவரின் முதுகைப் படமெடுத்தார். அந்த முதுகும் யப்பான். இந்த முற்றமும் யப்பான். முதுகை மட்டும் காட்டியிருந்தால், அம்மக்களை இரக்கத்துக்குரிய பொருளாக மட்டுமே உலகம் கண்டிருக்கும். முற்றத்தை மட்டும் காட்டியிருந்தால், அவர்கள் பட்டது மறைந்திருக்கும். ஒரு மக்களைப் பற்றிய உண்மை இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதே புலப்படுகின்றது. அழகைக் காண்பது துயரைக் கைவிடுதலாகாது என்பதை நாம் வகுப்பிலே சொல்லியிருத்தல் வேண்டும்.

யப்பானில் எடுத்த படங்கள் 1954 இல் ‘யப்பான்’ என்னும் நூலாக வெளிவந்தன. அதே ஆண்டு மே மாதம் 16 ஆந் திகதி, தென்னமெரிக்காவின் பெரு நாட்டு மலைப்பாதையிலே அவர் சென்ற வாகனம் பள்ளத்தில் வீழ்ந்தது. அப்பொழுது அவருக்கு வயது 38. அந்நாட்டிலே அவர் இறுதியாக எடுத்த படங்களுள் ஒன்று, குஸ்கோ நகரருகே மலைவழியிற் குழலூதிக்கொண்டு தனியே நடந்து செல்லும் ஓர் ஏழைச் சிறுவனுடையது. துயரையும் அழகையும் ஒருசேரக் கண்ட கண் அங்கும் மாறவில்லை.

அடுத்த வாரம் வகுப்புக்குச் சென்று, முன்னர் கூறிய விடை பிழை என்பதை ஒப்புக்கொண்டு, இவற்றையெல்லாம் மாணவர்க்கு எடுத்துரைத்தோம். கேள்வி கேட்ட மாணவன் ஒன்றும் பேசவில்லை. இரு படங்களையும் தரும்படி மட்டும் கேட்டான். மறுநாட் காலை, பீகார்த் தாயும் பனி பெய்த முற்றமும் வகுப்பறைச் சுவரிலே அருகருகே இருந்தன.

இன்று கைத்தொலைபேசி வைத்திருப்போர் அனைவரிடமும் கமரா இருக்கின்றது. இளைஞர்களே, ஓர் இடத்தைப் படமெடுக்குமுன், அங்கே முன்னர் என்ன நிகழ்ந்தது என்பதை அங்குள்ள முதியவர் ஒருவரிடம் கேட்டறிந்து கொள்ளுங்கள்.