பேனா பிடிங்க பாஸ்!

உழவர்கரை தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில எனக்கு இன்டர்ன்ஷிப். மெஷினைத் தொடலாம்னு ஆசையா போனா, "பத்து கஸ்டமருக்குக் கையால நன்றிக் கடிதம் எழுதுப்பா"ன்னுட்டார் முதலாளி. ப்ளஸ் டூவுக்கு அப்புறம் நான் தமிழ்ல எழுதினதே இல்லீங்க!

காகிதம் மட்டும் சூப்பர். 1959-லேருந்து அரவிந்தர் ஆசிரமத்துல பருத்தித் துணிக் கழிவுலேருந்து கையால செய்றது. பத்துலயும் 'தங்கள் மேலான ஆதரவுக்கு நன்றி'ன்னு ஒரே வரி எழுதி நீட்டினேன். சார் கிழிச்சுட்டார்.

"இதுக்கு ஜெராக்ஸ் போதுமே! 2024-ல ஃபெஞ்சல் புயல் மழையில பட்டறை முங்கினப்போ, அட்வான்ஸைத் திருப்பிக் கேட்காம ஒரு மாசம் பொறுத்தவர்ப்பா கடலூர்க்காரர். அதை எழுது."

எழுதினேன். ஒரே வாரத்துல போன். "தம்பி, கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கு. ஆனா மேஜைக் கண்ணாடிக்கு அடியில வெச்சிருக்கேன்."

மீதி ஒன்பதுக்கு இப்போ பழைய ஆர்டர் ஃபைல்களைப் புரட்டிட்டிருக்கேன். இதை ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல எந்தத் தலைப்புல போடுறது, நீங்களே சொல்லுங்க!