பண்ணை வீட்டுப் பிள்ளைக்கு ஏற்றுமதிப் பாடம் எதுக்கு?

"அப்புச்சி, உணவுத் தொழில்நுட்பம்தான் எனக்கு மெயின். கூட மைனர்னு ஒண்ணு எடுக்கோணுமாம். இண்டர்நேஷனல் பிசினஸ் எடுக்கட்டுங்களா?" கோவையில் படிக்கும் என் மகள் வயிற்றுப் பேத்தி போன மாதம் கேட்டாள். திண்ணையில் இருந்த நம் இயற்கை விவசாய நண்பர் முந்திக்கொண்டார்: "ஏம்மா, ஏற்றுமதி பண்ணித்தான் நொய்யலே செத்துச்சு. நமக்கு அந்தப் படிப்பு எதுக்கு?"

அவர் கேட்டதில் நியாயம் இருக்கு. ஆனாலும் பேத்தியிடம் 'எடு சாமி' என்றுதான் சொன்னேன். ஏன்னு சொல்றேன்.

முதலில், நாம ஏற்றுமதி பண்ணாவிட்டாலும் அது நம் களத்துக்கு வந்துடுது. காங்கேயத்தில் கொப்பரை காயப்போடுகிறவர் கப்பலைக் கண்ணில் பார்த்திருக்க மாட்டார். ஆனா 2024 செப்டம்பரில் கச்சா பாமாயில் இறக்குமதி வரியை எல்லாம் சேர்த்து 5.5-லிருந்து 27.5 சதவீதமாக ஏற்றினார்கள். 2025 மே கடைசியில் 16.5-ஆகக் குறைத்தார்கள். கொப்பரைக்கு விலை பேசும் வியாபாரிக்கு இது அன்றைக்கே தெரியும். நமக்கு? அதே 2025 ஆகஸ்டில் பஞ்சு மேல் இருந்த 11 சதவீத இறக்குமதி வரியை நிறுத்தி வைத்தார்கள். அந்த மாதமே 27-ம் தேதி அமெரிக்கா நம் சரக்கு மேல் 50 சதவீத வரி போட்டது. ஒரே மாதத்தில் பருத்தி விவசாயிக்கும் பனியன் கம்பெனிக்கும் அடி.

இரண்டாவது, நானே சாட்சியாக இருந்த கதை. 2007-ல் டாலர் 40 ரூபாய்க்குக் கீழே இறங்கியபோது, திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் பலருக்கு வங்கிகள் 'டெரிவேட்டிவ்' ஒப்பந்தங்களை விற்றன. டாலரில் வியாபாரம் செய்கிறவர் சுவிஸ் பிராங்கிலும் யென்னிலும் பந்தயம் கட்டிய மாதிரி ஆச்சு. நான் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தவன். எந்த வங்கி என்பது வேண்டாம். கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சில் குறி போட்டுக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தன். எனக்கே அந்தக் காகிதம் முழுசாகப் புரியவில்லை. பலருக்குப் பெரிய நஷ்டம், கோர்ட்டு வரை போனது. 2011 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி 19 வங்கிகளுக்கு அபராதம் போட்டது. எதிர்ப்பக்கம் இருந்தவர்கள் பாதிப்பேர் விவசாய வீட்டிலிருந்து போனவர்கள். துணி பற்றி எல்லாம் தெரியும், காகிதம் தெரியாது. இன்னும் அந்தப் பென்சில் குறி என்னை உறுத்துது.

மூன்றாவது, நம் சான்றிதழ். வெளிநாட்டுக்கு இயற்கை விளைபொருள் அனுப்ப என்.பி.ஓ.பி. சான்று வேணும், நாம வைத்திருக்கும் பி.ஜி.எஸ். உள்நாட்டுச் சந்தைக்குத்தான். குழுச் சான்று என்றால், அது பல இடங்களில் நடத்துகிற நிறுவனத்தின் கையில் இருக்கும். நாம விளைவித்தாலும் வேறு ஆளுக்கு இயற்கைப் பொருள்னு விற்க முடியாது. 2020-ல் சுமார் 20,000 டன் இந்தியப் பருத்திக்குப் போலிச் சான்று போட்டதை 'காட்ஸ்' அமைப்பே கண்டுபிடித்துச் சொன்னது. கெட்ட பேர் நேர்மையாக விளைவித்தவனுக்கும் சேர்த்துத்தான். எல்.சி.யிலும் இதே கதை. வங்கி சரக்கைப் பார்க்காது, காகிதத்தைத்தான் பார்க்கும். பேரில் ஒரு எழுத்து மாறினாலும் பணம் நிற்கலாம்.

இப்போ நண்பரின் நொய்யலுக்கு வாரேன். 1978-ல் இத்தாலி வியாபாரி ஒருவர் பனியன் தேடி வந்ததிலிருந்து திருப்பூர் ஏற்றுமதி வளர்ந்தது. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் முடிந்தது, சாயக்கழிவுதான் தேங்கியது. ஆயக்கட்டு விவசாயிகள் கோர்ட்டுக்குப் போய், 2011 ஜனவரி 28-ல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஏற்றுமதி பில்லில் கப்பல் கூலி, இன்சூரன்ஸ், வங்கிக் கமிஷன் எல்லாத்துக்கும் ஒரு வரி உண்டு. ஆத்துக்கு வரி இல்லை. அந்த பில்லை எழுதத் தெரிந்தவர்களில் கிணறு கெட்ட வீட்டுப் பிள்ளைகள் நாலு பேர் இருந்திருந்தால், கேள்வி முன்னாடியே வந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அதனால் இது துணைப் பாடமாகவே இருக்கட்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 வரைமுறைப்படி மூன்றாண்டுப் பட்டத்தின் 120 கிரெடிட்டில் மைனருக்கு 24. ஐந்தில் ஒரு பங்கு போதும். மெயின் பாடம் மண்ணையோ, உணவையோ, நூலையோ ஒட்டி இருக்கணும். அதை விட்டுட்டு வெறும் ஏற்றுமதி மட்டும் படித்தால் எதை விற்கிறோம்னே தெரியாத ஆளாகிடுவார்கள்.

சேர்க்கும் முன் கல்லூரியில் ரெண்டு கேள்வி கேளுங்க. அந்நியச் செலாவணியும் ஏற்றுமதி ஆவணங்களும் நிஜக் காகிதத்தை வைத்துச் சொல்லித்தருவார்களா? விடுமுறையில் ஒரு உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் வேலை பார்க்க விடுவார்களா? ரெண்டுக்கும் ஆமாம்னா சேருங்க.

பேத்தி சேர்ந்துட்டாள். தீபாவளி விடுமுறைக்கு வரும்போது நம் குழுச் சான்று ஒப்பந்தத்தை முதலில் அவள்தான் படிக்கப்போறாள். அதுவரைக்கும் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்னு குழுவில் சொல்லி வைத்திருக்கேன்.